மெல்லிய பிணைப்பும் மேற்பரப்பின் அமைப்பும்

"தாமரை இலைத் தண்ணீர் போல" என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. உலகில் வாழ்ந்தும் உலகிற் பற்றாது வாழ்பவர்க்கு இவ்வுவமையைப் பெரியோர் எடுத்துக் கூறுவர். கேட்ட நாம் அதன் கருத்தை வியந்து அமைவோமேயன்றி, அவ்விலையில் அத்தண்ணீர் ஏன் பற்றவில்லை என்று வினவுவது அரிது. அவ்வினாவை என்னிடம் முதன்முதல் எழுப்பியவள் என் மாணவியருள் ஒருத்தி. கலேவெலயைச் சார்ந்த தேவஹுவக் குளம் போன்ற குளங்களிலே தாமரை தழைத்திருக்கும். போயா நாளுக்குப் பூப்பறிக்கச் சென்ற தந்தையுடன் தோணியிற் சென்றுவந்த அச்சிறுமி, மறுநாள் ஓர் இலையைச் சுருட்டி வகுப்பறைக்குக் கொண்டு வந்தாள். அதன்மேல் நீரை ஊற்றிக் காட்டி, "சேர், மாவிலை பளபளவென்று வழுக்குகிறது; அது நனைகிறது. இது மாவு பூசினாற்போல் மங்கலாய் இருக்கிறது; இது நனையவில்லையே, ஏன்?" என்று கேட்டாள்.

புவியியலையும் தமிழையும் பாடமாகக் கொண்டு வெளிவாரிப் பட்டம் பெற்றவன் நான். இரசாயனம் என் துறையன்று. "நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன். அந்த நாளை வருவதற்கு இரண்டு மாதமாயிற்று. விஞ்ஞான ஆசிரியர்களை வினவியும், நூல்களைத் தேடியும், விளங்காத பகுதிகளை மீண்டும் மீண்டும் படித்தும் நான் அறிந்துகொண்டவற்றையே இக்கட்டுரையில் முறைப்படுத்தித் தருகின்றேன். தாமரையிலையில் தொடங்கிய தேடல் பல்லியின் பாதத்தையும் பென்சிலின் நுனியையும் தொட்டு, ஈற்றில் எங்கள் ஊர் வயல்களில் வீசும் யூரியாவிற் சென்று நின்றது. இவை அனைத்தையும் ஒரே கருத்து இணைக்கின்றது. பொருள்களின் மேற்பரப்பு எத்தன்மைத்து என்பதை வகுப்பதில் மூலக்கூறுகளுக்கிடையேயுள்ள மெல்லிய கவர்ச்சிகளுக்குப் பெரும் பங்குண்டு. அவை மெல்லியனவாயிருத்தலே அவற்றின் பயன் என்பதே அக்கருத்து.

முதலிற் பிணைப்பு என்பது யாது என நோக்குவோம். நீரின் மூலக்கூறு ஒவ்வொன்றும் ஓர் ஒட்சிசன் அணுவும் இரண்டு ஐதரசன் அணுக்களும் சேர்ந்து ஆகியது. இவ்வணுக்கள் இலத்திரன்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு இறுகப் பிணைந்துள்ளன. இதனைப் பங்கீட்டுவலுப் பிணைப்பு என்பர். ஒரு வீட்டிற் பொது உடைமையுடன் வாழும் உடன்பிறந்தாரின் உறவை இதற்கு ஒப்பிடலாம். ஆனால் ஒரு நீர் மூலக்கூறுக்கும் அதன் அயலிலுள்ள மற்றொரு நீர் மூலக்கூறுக்கும் இடையிலும் ஒரு கவர்ச்சி உண்டு. ஒன்றின் ஐதரசன், மற்றதன் ஒட்சிசனை நாடிச் சாய்கின்றது. இங்கே பங்கீடு இல்லை. அயலார்க்கிடையேயுள்ள நட்புப் போன்றது இது. இதனை ஐதரசன் பிணைப்பு என்பர். வலிமையை அளந்து கூறுவதாயின், ஒட்சிசனுக்கும் ஐதரசனுக்கும் இடையிலான பங்கீட்டுவலுப் பிணைப்பை அறுக்க ஒரு மூலுக்குச் சுமார் 460 கிலோயூல் சக்தி வேண்டும். ஐதரசன் பிணைப்பை அறுக்க ஏறக்குறைய 20 கிலோயூலே போதும்.

இவ்வேறுபாட்டை அடுக்களையில் நாள்தோறும் காண்கின்றோம். கேத்திலில் நீர் கொதிக்கும்போது எழும் ஆவியும் நீரே. அடுப்பின் வெப்பம் அயலார் உறவை அறுத்ததேயன்றி வீட்டினுள் உறவை அறுக்கவில்லை. ஆவி மூடியிற் பட்டுக் குளிர்ந்ததும் பழைய நட்பு மீண்டும் கூடுகின்றது, துளி சொட்டுகின்றது. அறுவதும் மீண்டும் கூடுவதும் இத்துணை எளிதாய் நிகழ்வது இவ்வகைப் பிணைப்பின் இயல்பு.

ஐதரசன் பிணைப்பு இவ்வகையில் ஒன்று. நேரேற்றமுள்ள பகுதியும் எதிரேற்றமுள்ள பகுதியும் ஒன்றையொன்று இழுக்கும் நிலைமின் கவர்ச்சி மற்றொன்று. ஏற்றமே இல்லாத மூலக்கூறுகள்கூட மிக அணுகியபோது தம் இலத்திரன்களின் அசைவினால் ஒன்றையொன்று கவரும். இஃது வந்தர்வாலிசு விசையின் முக்கிய கூறாகும். எண்ணெய்த் தன்மையுடைய மூலக்கூறுகள் நீரினின்றும் ஒதுங்கித் தமக்குள் ஒன்றுகூடும் நீர்வெறுப்பு இன்னொன்று. இவை யாவும் தனித்தனியே எளியன. எண்ணிக்கை பெருகும்போது இவற்றின் ஆற்றலும் பெருகும்.

வந்தர்வாலிசு என்னும் பெயரைக் கடந்து செல்ல ஓர் ஆசிரியனுக்கு மனம் வராது. ஒல்லாந்து நாட்டு லெய்டன் நகரில் 1837ஆம் ஆண்டு ஒரு தச்சரின் மகனாகப் பிறந்த அவர், முதலிற் பணியாற்றியது ஆரம்பப் பாடசாலை ஆசிரியராகவே. பல்கலைக்கழகப் பரீட்சைக்கு அந்நாளில் இலத்தீன், கிரேக்கப் புலமை இன்றியமையாததாக இருந்தது, அப்புலமை அவருக்கில்லை. எனவே ஆசிரியத் தொழிலைச் செய்துகொண்டே ஓய்வு நேரங்களில் விரிவுரைகளைக் கேட்டு வந்தார். பிற்காலத்தில் அவ்விதி தளர்ந்தபின் பரீட்சைகளிற் சித்தியடைந்து, 1873ஆம் ஆண்டு, தம் முப்பத்தாறாம் வயதில், கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வை வெளியிட்டார். வாயுவுக்கும் திரவத்துக்கும் இடையே அடிப்படை வேறுபாடு இல்லை. மூலக்கூறுகளுக்குப் பருமன் உண்டு, அவற்றிடையே கவர்ச்சியும் உண்டு என்பது அவ்வாய்வின் சாரம். 1910ஆம் ஆண்டு பௌதிகத்துக்கான நோபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது. பகலிற் கற்பித்து இரவிற் கற்கும் எம்மனோர்க்கு இவ்வரலாறு ஊக்கம் தருவதாகும்.

இனி மேற்பரப்புக்கு வருவோம். நீரின் உள்ளே இருக்கும் மூலக்கூறை எத்திசையிலும் அயலார் இழுப்பர். மேற்பரப்பில் இருக்கும் மூலக்கூறுக்கோ மேற்புறத்தில் நீர் அயலார் இலர். ஆதலின் அஃது உள்நோக்கி இழுக்கப்படுகின்றது. நீர்த்துளி உருண்டையாகத் திரள்வதற்கு இவ்விழுவிசையே காரணம். துளி ஒரு பொருளின்மேல் விழும்போது ஒரு போட்டி நிகழ்கின்றது. அப்பொருளின் புறத்திலுள்ள மூலக்கூறுகள் நீரை மிகுதியாகக் கவருமாயின் துளி பரவும். கவரும் ஆற்றல் குறைவாயின் துளி தன்னைத்தானே பற்றிக்கொண்டு திரண்டு நிற்கும். துளியின் விளிம்பு மேற்பரப்போடு ஆக்கும் கோணத்தை அளந்தால் இப்போட்டியின் முடிவு புலப்படும். இதனைத் தொடுகைக் கோணம் என்பர். இக்கோணத்துக்கும் விசைகளுக்குமுள்ள தொடர்பை 1805ஆம் ஆண்டிலேயே தோமசு யங் என்னும் ஆங்கில அறிஞர் விளக்கினார்.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. துளியோடு போட்டியிடுவது பொருள் முழுவதுமன்று. அதன் புறத்தே அமைந்த ஒன்றிரண்டு மூலக்கூற்றுப் படலமே. ஒரு பெரும் பாறையின்மேல் மெல்லிய மெழுகைத் தடவினால், நீருக்கு அப்பாறை மெழுகேயாகும். ஆகவே ஒரு பொருளின் உள்ளியல்பை மாற்றாமலே அதன் புறவியல்பை மாற்றலாம் என்பது பெறப்படும். மேற்பரப்பை வடிவமைத்தல் என்னும் கலை முழுவதும் இவ்வுண்மையின்மேல் எழுந்தது.

தாமரையிலை இக்கலையில் நமக்கு ஆசான். அவ்விலையின் புறத்தே மெழுகுத்தன்மையுள்ள நுண்பளிங்குகள் உள. மெழுகின் மூலக்கூறுகள் நீரோடு ஐதரசன் பிணைப்புக் கொள்ளமாட்டா. ஆயினும் மெழுகு மட்டும் போதாது. எத்துணை நீர்வெறுப்புள்ள பொருளாயினும் தட்டையாய் இருக்குமாயின் அதன் தொடுகைக் கோணம் ஏறக்குறைய 120 பாகையைத் தாண்டுவதில்லை. தாமரையிலையிலோ அது 160 பாகையை அணுகுகின்றது. இதன் இரகசியத்தை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்தவர் செருமனியின் பொன் பல்கலைக்கழகத்துத் தாவரவியலறிஞர் பாத்லொற் என்பவர். அவரும் நைன்ஹூயிசு என்பவரும் 1997ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுரை, புனிதத் தாமரையின் தூய்மை என்னும் பொருள்படத் தலைப்பிடப்பெற்றது. இலையின் மேற்புறம் முழுவதும் நுண்ணிய முளைகள். ஒவ்வொரு முளையின்மேலும் அதனினும் நுண்ணிய மெழுகுக் குழாய்கள். நீர்த்துளி அம்முளைகளின் நுனியை மட்டும் தொட்டு நிற்கின்றது, இடைவெளியெங்கும் காற்று. பற்றுவதற்கு இடமின்றித் துளி உருண்டோடுகின்றது. ஓடும்போது தூசியையும் வாரிச் செல்கின்றது. மாணவி கேட்ட வினாவுக்கு விடை இதுவே. இலை மங்கலாய்த் தோன்றுவதும் அது நனையாதிருப்பதும் ஒரே நுண்ணமைப்பின் இரு விளைவுகள். அம்மெழுகுக் குழாய்களை எந்தக் கையும் வார்க்கவில்லை. மெழுகு மூலக்கூறுகள் தம்முள் இயங்கும் மெல்லிய கவர்ச்சியினால் தாமே அணிவகுத்து அவ்வடிவம் பெறுகின்றன.

இவ்விளக்கத்தை வகுப்பிற் கூறியபோது, மற்றொரு மாணவன், "எங்கள் வெங்காயத் தாளிலும் தண்ணீர் இப்படித்தான் ஓடும், சேர்" என்றான். பெரிய வெங்காயம் பயிரிடும் குடும்பத்தவன் அவன். வெங்காயத் தாளின் புறமும் மெழுகு படர்ந்தது. அதனால் தெளிக்கும் மருந்து தாளில் நில்லாது வழிந்து வீணாகும். இதைத் தடுக்கவே கமக்காரர் மருந்துடன் ஒட்டுவதற்கான ஒரு திரவத்தைக் கலப்பர். நாங்கள் சவர்க்கார நீரின் ஒரு துளியைத் தாமரையிலையில் இட்டுப் பார்த்தோம். முத்துப்போல் நின்ற துளி தளர்ந்து இலையிற் படிந்தது. சவர்க்கார மூலக்கூறின் ஒரு முனை நீரை விரும்பும். மற்ற முனை மெழுகை விரும்பும். பகைவர் இருவர்க்கு நடுவே நின்று இருகையாலும் இருவரையும் பற்றும் நடுவரைப் போல அஃது இயங்குகின்றது.

சவர்க்காரத்தைப் பற்றிப் பேசுமிடத்து, மேற்பரப்பு விஞ்ஞானத்தின் அடிக்கல்லில் ஒன்றை நாட்டியவர் அடுக்களையில் நின்ற ஒரு பெண் என்பதைச் சொல்லுதல் வேண்டும். செருமனியின் பிறவுன்சுவைக் நகரில் வாழ்ந்த அக்னசு பொக்கல்சு அம்மையார், பெண்கட்குப் பல்கலைக்கழகக் கதவு அடைக்கப்பட்டிருந்த காலத்தில், நோயுற்ற பெற்றோரைப் பேணி வீட்டுப்பணி செய்து வந்தவர். பாத்திரம் கழுவும் நீரின்மேல் எண்ணெயும் சவர்க்காரமும் படர்வதைக் கண்டு, தாமே ஒரு தகரத் தொட்டியை அமைத்து, நீர்ப்பரப்பின் குறுக்கே நகரும் தகட்டினால் அப்படலத்தை ஒடுக்கியும் விரித்தும் அளவீடுகள் செய்தார். 1891ஆம் ஆண்டு தம் முடிவுகளை இங்கிலாந்தின் இரேலி பிரபுவுக்குக் கடிதமாக எழுத, அவர் அதனை "நேச்சர்" இதழில் வெளியிடச் செய்தார். பின்னர் அமெரிக்க அறிஞர் இலாங்மியூர் 1917ஆம் ஆண்டில், இத்தகைய படலங்கள் ஒரே மூலக்கூற்றுத் தடிப்புடையன, மூலக்கூறுகள் நீர்விரும்பும் தலையை நீரில் ஊன்றி, எண்ணெய்த் தன்மையுள்ள வாலை மேலே நீட்டி, நாற்றுமேடையிற் பயிர்போல் நெருங்கி நிற்பன என்று நிறுவினார்.

இலாங்மியூரோடு பணியாற்றிய கதரீன் பிளாட்ஜெற் அம்மையார் இதனை ஒரு தொழினுட்பமாக்கினார். அப்படலம் மிதக்கும் நீரிற் கண்ணாடித் தகட்டை அமிழ்த்தி எடுக்க, ஒவ்வொரு முறையும் ஒரு மூலக்கூற்றுப் படலம் அதன்மேற் படிந்தது. 1938ஆம் ஆண்டில் இவ்வாறு 44 படலங்களை அடுக்கி, ஒளியைத் தெறிக்காத கண்ணாடியை அவர் ஆக்கிக் காட்டினார். படலத்தோடு படலத்தை இணைத்தவை மெல்லிய கவர்ச்சிகளே. மூலக்கூறுகளை எண்ணி அடுக்கி ஒரு மேற்பரப்பைத் திட்டமிட்டு அமைத்தல் இயலும் என்பதை உலகம் அன்று கண்டது. அப்படலம் விரலாற் றுடைத்தாலே அழியத்தக்க மென்மையுடையதாயிருந்தது என்பதையும் மறைத்தல் கூடாது. மெல்லிய பிணைப்பின் பயனும் குறையும் அக்கண்ணாடியில் ஒருங்கே இருந்தன.

மெல்லிய பிணைப்பு எப்போதும் வலுவற்றது என்று எண்ணிவிடலாகாது. எங்கள் வகுப்பறைச் சுவரில் ஓடும் பல்லியே அதற்குச் சான்று. அதன் பாதத்திற் பசையும் இல்லை. உறிஞ்சும் கிண்ணமும் இல்லை. தென்கிழக்காசியாவிலுள்ள பெரும் பல்லியினம் ஒன்றை ஆராய்ந்தபோது, ஒவ்வொரு பாதத்திலும் ஏறக்குறைய 5 இலட்சம் நுண்மயிர்கள் இருப்பதும், ஒவ்வொரு மயிரும் நூற்றுக்கணக்கான நுனிகளாகப் பிரிவதும் தெரியவந்தன. கெலர் ஓட்டம் என்னும் அமெரிக்க அறிஞரும் அவர்தம் குழுவினரும் 2000ஆம் ஆண்டில் ஒற்றை மயிரின் பற்றுவலிமையை அளந்தனர். அப்பற்றுக்கு வந்தர்வாலிசு விசையே காரணம் என 2002ஆம் ஆண்டிற் காட்டினர். ஒவ்வொரு நுனியும் சுவரை மிக நெருங்குவதால் அற்பக் கவர்ச்சி தோன்றுகின்றது. அவ்வற்பம் கோடிக்கணக்காய்ப் பெருகும்போது பல்லியின் உடல் கூரையிற் றொங்குகின்றது. ஆயினும் இதனினும் வியத்தகு செய்தி, பல்லி தன் பாதத்தை எடுக்கும் முறையாகும். மயிர் சுவரோடு ஆக்கும் கோணம் சுமார் 30 பாகையை எட்டியதும் பற்று விடுபடுகின்றது. இறுகப் பற்றுவது மட்டும் தெரிந்திருந்தால் பல்லி முதலடியிலேயே நின்றுவிடும். பற்றவும் விடவும் தெரிந்திருப்பதே அதன் ஓட்டம்.

வன்மையும் மென்மையும் ஒரே பொருளில் இயைந்து நிற்பதற்கு மற்றோர் உதாரணம் நம் நாட்டு மண்ணிலேயே உண்டு. போகல, கஹட்டகஹ முதலிய சுரங்கங்களிலிருந்து எடுக்கப்படும் காரீயம் உலகப் புகழ் பெற்றது. காரீயத்திற் காபன் அணுக்கள் அறுகோண வலையாகப் பங்கீட்டுவலுப் பிணைப்பால் இறுக இணைந்து தாள்களாக உள. ஆனால் தாளுக்கும் தாளுக்கும் இடையே மெல்லிய கவர்ச்சியே உண்டு. பென்சிலால் எழுதும்போது அத்தாள்கள் வழுக்கிக் கழன்று கடதாசியிற் படிகின்றன. நாம் எழுதும் ஒவ்வோர் எழுத்தும் மெல்லிய பிணைப்பு அறுந்ததன் சுவடாகும்.

அக்காபன் வலையைச் சுருட்டிக் குழாயாக்கினாற் போன்றது காபன் நனோக்குழாய். நனோமீற்றர் என்பது ஒரு மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு. இக்குழாய்களின் விட்டம் அவ்வளவைச் சார்ந்தது. இவை தமக்குள் உள்ள கவர்ச்சியினால் கட்டுக்கட்டாக ஒட்டிக்கொள்வதால் எத்திரவத்திலும் எளிதிற் பரம்பா. திருவனந்தபுரத்திலுள்ள தேசிய ஆய்வு நிறுவனமொன்றிற் பணியாற்றிய அஜயகோஷ் அவர்களும் குழுவினரும் இதற்கு ஓர் உபாயம் கண்டனர். வளையங்கள் கோத்தாற்போன்ற நீண்ட சேதன மூலக்கூறுகளை அவர்கள் சேர்த்தபோது, அவ்வளையங்கள் குழாயின் புறத்தே தட்டையாகப் பொருந்திப் படிந்தன. குழாயின் ஒரு பிணைப்பும் அறுபடவில்லை. புதிய பங்கீட்டுவலுப் பிணைப்பு ஒன்றும் ஆக்கப்படவில்லை. குழாய்கள் தனித்தனியே பிரிந்து கரைசலிற் பரம்பின. அக்கரைசலைக் கண்ணாடி, உலோகம் முதலியவற்றின்மேல் இட்டு உலர்த்தியபோது, தாமரையிலையைப் போன்று முரடும் நீர்வெறுப்பும் ஒருங்கே அமைந்த பூச்சு உண்டாயிற்று. அதன்மேல் நீரின் தொடுகைக் கோணம் 160 பாகையைக் கடந்தது. சிறிது சாய்த்தாலே துளி உருண்டோடியது. 2008ஆம் ஆண்டு வெளியான அவ்வாய்வு, குளத்தில் மிதக்கும் இலையின் நுட்பத்தை ஆய்வுகூடத்தில் மெல்லிய பிணைப்புகளாலேயே மீண்டும் அமைத்துக் காட்டியதெனலாம்.

இதுவரை கூறியவை அறிவுக்கு விருந்தாயினும் ஏழைக் கமக்காரனுக்கு இவற்றாற் பயன் யாது என ஒருவர் வினவக்கூடும். அவ்வினாவை நான் வெறும் தர்க்கத்துக்காக எழுப்பவில்லை. நான் சிறுவனாயிருந்தபோது என் தந்தையார் வாரத்துக்கு ஒன்றரை ஏக்கர் வயல் செய்து வந்தார். ஒரு பெரும்போகத்தில், கடனுக்கு வாங்கிய யூரியாவை மாலையில் வீசிவிட்டு வந்தார். அன்றிரவு பெருமழை பெய்தது. விடியுமுன் அவருடன் நானும் வயலுக்குச் சென்றேன். வரம்பு உடைந்து, நீர் வாய்க்காலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஒன்றும் பேசாது மண்வெட்டியால் வரம்பைக் கட்டினார். அடுத்த வாரம் அம்மாவின் காப்பு அடகு வைக்கப்பட்டது. மறுபடியும் ஒரு மூட்டை வந்தது. அந்த யூரியா எங்கே போயிற்று என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.

இன்று விளங்குகின்றது. யூரியாவின் நிறையில் 46 சதவீதம் நைதரசன். பயிருக்கு வேண்டிய நைதரசனை அளிப்பதில் அதற்கு நிகரான மலிவான உரம் வேறில்லை. ஆனால் அதன் மூலக்கூறு நீரோடு ஐதரசன் பிணைப்புக் கொள்வதில் மிக வல்லது. எனவே நீரிற் கணத்திற் கரையும். கரைந்தபின் மண்ணிலுள்ள நொதியங்களால் அமோனியாவாகி ஒரு பங்கு காற்றிற் கலக்கும். நைத்திரேற்றாகி ஒரு பங்கு நிலத்தடி நீருக்கு இறங்கும். வரம்பு உடைந்தால் எஞ்சியது வாய்க்காலிற் செல்லும். நெல்வயலில் இடும் நைதரசனிற் பாதிக்கு மேற்பட்ட பங்கு பயிரைச் சேராது போவது பெரும்பாலும் நிகழ்வதே. பயிர் நாள்தோறும் சிறிது சிறிதாக உண்ணும். நாமோ ஒரே நாளில் ஊட்டிவிடுகின்றோம். யூரியாவைச் சிறிது நேரம் பற்றி வைத்திருந்து, மெல்ல மெல்ல விடுவிக்கும் ஒரு மேற்பரப்பு கிடைக்குமாயின் இவ்விழப்புக் குறையும்.

அத்தகைய மேற்பரப்பை வகுக்கும் முயற்சி நம் நாட்டிலேயே நடைபெற்றது என்பதை அறிந்தபோது நான் பெற்ற மகிழ்ச்சி பெரிது. 2008ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இலங்கை நனோ தொழினுட்ப நிறுவகத்தைச் சார்ந்து, நில்வலா கொட்டகொட, வெரஞ்ச கருணாரத்ன, கெஹான் அமரதுங்க முதலிய அறிஞர்கள் செய்த ஆய்வு 2017ஆம் ஆண்டு வெளிவந்தது. அவர்கள் தேர்ந்த பொருள் ஐதரொட்சியபற்றைற்று. நம் எலும்பிலும் பல்லிலும் உள்ள கல்சியம் பொசுபேற்றுக் கனியத்தை ஒத்தது. அபற்றைற்று இனத்தை எப்பாவலப் படிவுகளால் நம்மவர் முன்னரே அறிவர். நஞ்சற்றது, மேலும் தானே பொசுபரசையும் தரவல்லது. அதனை நனோ அளவுத் துணிக்கைகளாக ஆக்கி, அத்துணிக்கைகளின் புறத்தே யூரியாவைப் போர்த்தினர்.

துணிக்கை ஏன் அத்துணை நுண்ணிதாயிருத்தல் வேண்டும் என்பதை மாணவர் கணித்துப் பார்க்கலாம். பக்கம் 1 சென்ரிமீற்றராகவுள்ள ஒரு கனவுருவின் மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதனையே பக்கம் 10 நனோமீற்றரான சிறு கனவுருக்களாக வெட்டினால் மொத்த மேற்பரப்பு பத்து இலட்சம் மடங்காகி 600 சதுர மீற்றராகும். ஒரு சீனிக்கட்டி அளவான பொருளின் புறம் ஓர் ஏக்கரின் ஏழிலொரு பங்கை மூடும் என்றால், எத்தனை யூரியா மூலக்கூறுகளுக்கு அங்கே இடமுண்டு என்பதை உய்த்துணர்க. நிறையால் ஒரு பங்கு கனியத்துக்கு ஆறு பங்கு யூரியாவை ஏற்றி, நிறையில் 40 சதவீதம் நைதரசனுள்ள உரத்தை அவர்கள் ஆக்கினர்.

யூரியாவை அங்கே நிறுத்தி வைப்பதில் ஐதரசன் பிணைப்பு முதலிய மெல்லிய கவர்ச்சிகளுக்குப் பங்குண்டு. அதைப் பங்கீட்டுவலுப் பிணைப்பால் இறுகக் கட்டியிருந்தால் உரம் மழைக்கும் கரையாது, பயிருக்கும் கிடையாது. கட்டாமலே விட்டிருந்தால் என் தந்தையாரின் யூரியா போல் ஓரிரவில் ஒழுகியிருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட பிடிப்பே வேண்டப்பட்டது. ஆய்வுகூடச் சோதனையில் இக்கலப்பு, சாதாரண யூரியாவிலும் 12 மடங்கு மெதுவாக நைதரசனை விடுத்தது. நெல்வயல்களிற் செய்த சோதனையில், யூரியாவின் அளவைப் பாதியாகக் குறைத்தும் விளைவு குன்றவில்லை எனக் கண்டனர். பல்லியின் பாதத்திற் கண்ட நுட்பம், பற்றும் காலத்தையும் விடும் காலத்தையும் வகுத்தல், இங்கே ஒரு நெற்கதிரின் பசிக்கு ஏற்ப அமைக்கப்பட்டுள்ளது.

ஆயினும் மிகைபடக் கூறுதல் ஆசிரியனுக்கு அழகன்று. சில வயல்களிற் பெற்ற வெற்றி வேறு. பலவகை மண்ணிலும் பல போகங்களிலும், கமக்காரன் வாங்கக்கூடிய விலையிலும் நிலைபெறும் வெற்றி வேறு. நனோ என்னும் பெயர் தாங்கி வரும் உரங்களெல்லாம் ஒரே தன்மையின என்றும் கொள்ளலாகாது. ஒவ்வொன்றையும் அதனதன் சோதனையாலேயே மதித்தல் வேண்டும். 2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி நாடெங்கும் தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டதை யாவரும் அறிவர். அந்த மாதங்களில் ஒரு மூட்டை யூரியாவின் அருமையை எங்கள் ஊர் நன்கு உணர்ந்தது. உரத்தை முற்றும் விலக்குவதா, அளவின்றி வீசுவதா என்று இரு முனையிலும் நின்று வாதிட்ட நாம், இட்ட உரத்தை வீணாகாமற் காப்பது எப்படி என்னும் நடுவழியைப் பற்றிப் பேசியது குறைவு. அந்நடுவழிக்கு விஞ்ஞானம் வேண்டும். அவ்விஞ்ஞானத்தை அறிந்த பிள்ளைகள் வயல்சார்ந்த ஊர்களிலிருந்தே வருதல் வேண்டும். வரம்பு உடைந்த காலையைக் கண்டவர்க்குத்தான் அவ்வினாவின் கனம் தெரியும்.

இதற்குப் பெரிய ஆய்வுகூடம் இருந்தாற்றான் தொடங்கலாம் என்று எவரும் தயங்க வேண்டுவதில்லை. ஒரு தாமரையிலை, ஒரு மாவிலை, ஒரு வெங்காயத் தாள், சிறிது சவர்க்காரம், ஒரு பென்சில் ஆகியவை நம் பாடசாலை ஒவ்வொன்றிலும் கிடைக்கும். துளியின் கோணத்தை வரைந்து பாகைமானியால் அளக்கலாம். மூன்று கிண்ணங்களில் மண்ணிட்டு, ஒரே அளவு உரத்தை ஒன்றில் ஒரே முறையாகவும், மற்றதிற் பகுதி பகுதியாகவும் இட்டு, மூன்றாவதை உரமின்றி விட்டு, நாற்றின் வளர்ச்சியை ஒப்பிடலாம். பொக்கல்சு அம்மையாரிடம் இருந்தது ஒரு தகரத் தொட்டியே.

இரண்டு மாதத்தின் பின் என் விடையைக் கேட்ட அந்த மாணவி, சிறிது நேரம் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்படியானால் தண்ணீருக்கு இலையைப் பிடிக்க விருப்பமில்லையா, இலைக்குத் தண்ணீரைப் பிடிக்க விருப்பமில்லையா, சேர்?" என்றாள். உண்மையில் நீருக்கும் மெழுகுக்கும் இடையே சிறு கவர்ச்சி இருக்கவே செய்கின்றது. நீருக்குத் தன்னினத்தின் மேலுள்ள பற்று அதனினும் மிகப் பெரிது என்பதே விடை. இதனைச் சொல்ல எனக்கு மேலும் ஒரு வாரம் தேவைப்பட்டது. அவள் இப்போது உயர்தர வகுப்பில் இரசாயனம் பயில்கின்றாள். வினாக்கள் குறைந்தபாடில்லை, அவற்றுட் பலவற்றுக்கு விடை கூற இப்போது அவளுடைய இரசாயன ஆசிரியரிடமே நானும் செல்கின்றேன்.